என்ஏஇஐ: பிரிட்டன் தன் புகைக்கு எழுதிவரும் கணக்கு, நான்கு ஆண்டு பயன்படுத்திய பிறகு

லெஸ்டரிலிருந்து நாட்டிங்காமுக்கு ரயிலில் வேலைக்குப் போகிற எல்லாருக்கும் ராட்கிளிஃப் அனல்மின் நிலையம் பழக்கம். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் பார்க்வே ஸ்டேஷனை ஒட்டி எட்டுப் பெரிய கோபுரங்கள், பக்கத்தில் ஒல்லியாக ஒரு நெட்டைப் புகைபோக்கி. கோபுரங்களிலிருந்து வருவது வெறும் நீராவி, விஷயம் முழுக்க அந்தப் புகைபோக்கியில்தான் என்பது எனக்கே இந்த ஊருக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 2024 செப்டம்பர் 30ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். பிரிட்டனில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அது. அன்று இரவு சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து, என்ஏஇஐ தளத்தில் கந்தக டை ஆக்சைடின் கணக்கை 1970இலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இடது மூலையில் உச்சியில் தொடங்கும் கோடு வலது மூலையில் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. அரை நூற்றாண்டு தாண்டிய இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று ஒரு நாடு இலவசமாகத் திறந்து வைத்திருப்பது பெரிய காரியம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த விமர்சனம்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். என்ஏஇஐ என்றால் தேசிய வளிமண்டல உமிழ்வுக் கணக்கேடு. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் துறையும் எரிசக்தித் துறையும் சேர்ந்து நடத்துகின்றன, கணக்கைத் தொகுப்பது ரிக்கார்டோ என்ற ஆலோசனை நிறுவனத்தின் தலைமையில் ஒரு குழு. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பிஎம் 2.5, பிஎம் 10 என்ற நுண்துகள்கள், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் இவற்றுக்கெல்லாம் 1970இலிருந்தும், அம்மோனியாவுக்கு 1980இலிருந்தும் ஆண்டுவாரியாகக் கணக்கு இருக்கிறது. ஈயம், பாதரசம், டையாக்சின் என்று இன்னும் நிறைய. எந்த மாசு, எந்தத் துறை, எந்த ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம்.

இதை இன்றைய காற்றுத் தரம் காட்டும் செயலி என்று நினைத்துப் போய்விடாதீர்கள். இன்று உங்கள் தெருவில் மூச்சுவிடலாமா என்று பார்க்க யுகே-ஏர் என்ற வேறு தளம் இருக்கிறது, அது கருவி வைத்து அளப்பது. என்ஏஇஐ எதையும் மூக்கால் மோந்து பார்ப்பதில்லை, அது கணக்கு. ஒரு வருஷத்தில் இந்த நாட்டில் எவ்வளவு பெட்ரோல் விற்றது, எவ்வளவு விறகு எரிந்தது, எத்தனை மாடுகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஓர் அலகுக்கு எவ்வளவு மாசு விடும், இரண்டையும் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு. அடிப்படை இவ்வளவுதான். நம் வீட்டு மளிகைக் கணக்கு மாதிரிதான், பட்டியல் மட்டும் மிக மிக நீளம்.

அந்தப் பட்டியலை வாசிப்பதே ஓர் அனுபவம். மின் நிலையம், கார், லாரி என்று எதிர்பார்த்துப் போனால் உள்ளே பட்டாசுக்கு ஒரு வரி இருக்கிறது, பிரிட்டிஷ்காரர்கள் கை ஃபாக்ஸ் கொண்டாட்டத்துக்காக நவம்பர் 5ஆம் தேதி இரவு மூட்டும் சொக்கப்பனைக்கு ஒரு வரி, சிகரெட்டுக்கு ஒரு வரி. தகன மேடைகளிலிருந்து வரும் பாதரசத்துக்கும் ஒரு வரி உண்டு, இறந்தவர்களின் பல்லில் அடைத்திருந்த கலவையிலிருந்து வருவது அது. ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாய்களில் வருஷக்கணக்காக விஸ்கி ஊறிக்கொண்டிருக்கிறது அல்லவா, அதில் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு மரத்தின் வழியாக ஆவியாகிப் போய்விடும், அந்த எத்தனாலும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களின் கணக்கில் ஏறுகிறது. அதுவும் சின்ன வரி இல்லை, பார்த்ததும் திகைத்துப் போனேன். ஒரு நாட்டின் வாழ்க்கை முழுவதும் இந்த அட்டவணைக்குள் இருக்கிறது, மாட்டுத் தொழுவத்திலிருந்து சுடுகாடு வரை.

சரி, அந்தக் கந்தகக் கோட்டுக்கு வருவோம். 1970இல் 60 லட்சம் டன்னுக்கு மேல். 2022இல் ஏறக்குறைய 1.2 லட்சம் டன். 98 விழுக்காடு போய்விட்டது. எப்படிப் போனது என்பதை அதே தளத்தில் துறைவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம், இதுதான் இந்தச் சேவையின் பலம். 1990களில் மின் நிலையங்கள் நிலக்கரியை விட்டுவிட்டு வட கடல் எரிவாயுவுக்கு மாறுகின்றன, மிச்சமிருந்த பெரிய நிலையங்கள் சிலவற்றில், ராட்கிளிஃப் உட்பட, புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவிகள் வருகின்றன, டீசலில் கந்தகத்தைக் குறைக்கிறார்கள், கடைசியில் நிலக்கரியே போகிறது. சும்மா நடந்ததில்லை எதுவும். பிரிட்டன் புகையும் மற்ற ஐரோப்பிய நாடுகளின் புகையும் காற்றோடு போய் ஸ்வீடனிலும் நார்வேயிலும் அமில மழையாக விழுந்து ஏரிகளில் மீன் செத்தபோது எழுந்த சண்டையிலிருந்து பிறந்ததுதான் 1979இல் ஜெனீவாவில் கையெழுத்தான எல்லை தாண்டும் காற்று மாசு ஒப்பந்தம். உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் பிப்ரவரி 15க்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்த கடமை. என்ஏஇஐ-யின் கணக்கும் அப்படித்தான் போகிறது, அங்கே வேறு நாட்டு நிபுணர்கள் அதைச் சரிபார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் இறந்த 1952 டிசம்பர் லண்டன் புகைமூட்டத்தை இந்தக் கணக்கில் தேடாதீர்கள், 1970க்கு முன்னால் வரிகள் இல்லை.

இனி நான் செய்த தவற்றைச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிற எல்லாரும் இதே இடத்தில் விழ வாய்ப்பு உண்டு.

எங்கள் தெருவில் குளிர்காலம் வந்தால் லாக் பர்னர் என்ற விறகுக் கணப்புகளின் புகை. வீட்டில் வெப்பமூட்ட எரிவாயு இருந்தாலும் அழகுக்காகவும் ஆசைக்காகவும் விறகு எரிப்பவர்கள் நிறைய. என் மகளுக்கு ஆஸ்துமா, அதனால் எனக்கு இது பொழுதுபோக்கு ஆராய்ச்சி இல்லை. 2021இல் வந்த கணக்கைப் பார்த்தேன்: 2019இல் நாட்டின் மொத்த பிஎம் 2.5 உமிழ்வில் 38 விழுக்காடு வீட்டு விறகிலிருந்து. அதிர்ந்து போய்க் குறித்து வைத்தேன். அடுத்த பிப்ரவரியில் புதிய கணக்கு வந்தது: 2020இல் 17 விழுக்காடு. எங்கள் தெருக்காரர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒரே வருஷத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, மக்கள் புரிந்துகொண்டு குறைத்துவிட்டார்கள்" என்று சொன்னேன். எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

அது தவறு. யாரும் எதையும் குறைக்கவில்லை. இடையில் வீடுகளில் உண்மையில் எவ்வளவு விறகு எரிகிறது என்று அரசு புதிதாக ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. பழைய கணக்கெடுப்பு சொன்னதைவிட எரியும் விறகு வெகுவாகக் குறைவு என்று அதில் தெரிந்தது. அதனால் 2020க்கான எண்ணை மட்டும் மாற்றவில்லை, பின்னோக்கிப் போய் எல்லா ஆண்டுகளின் விறகுக் கணக்கையும் திருத்தி எழுதினார்கள். 38 என்பது ஒரு பதிப்பின் எண், 17 இன்னொரு பதிப்பின் எண். இரண்டையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. அதே புதிய பதிப்புக்குள் இருந்துகொண்டு 2010ஐயும் 2020ஐயும் ஒப்பிட்டால் என்ன தெரியும் தெரியுமா? வீட்டு விறகிலிருந்து வரும் பிஎம் 2.5 அந்தப் பத்து வருஷத்தில் 35 விழுக்காடு கூடியிருக்கிறது. நான் கூட்டத்தில் சொன்னதற்கு நேர் எதிர்! அடுத்த கூட்டத்தில் போய்த் திருத்திச் சொன்னேன். பின்னால் வந்த பதிப்புகளில் அந்தப் பங்கு 20ஐ ஒட்டியே இருக்கிறது.

தளத்தில் இது எங்கேயும் ஒளிக்கப்படவில்லை. ஒவ்வொரு ஆண்டும் வருகிற விளக்க அறிக்கையில் எதைத் திருத்தினோம், ஏன் திருத்தினோம், எண் எவ்வளவு நகர்ந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நான்தான் வாசிக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், சாதாரண ஆள் ஒருவர் எண்ணை இறக்கும்போது அவர் கண்ணில் படுகிற இடத்தில், "இது இந்த ஆண்டுப் பதிப்பு, பழைய பதிப்போடு ஒப்பிடாதீர்கள்" என்று ஒரு வரி பெரிய எழுத்தில் இருந்தால் எத்தனை பேர் தப்பிப்பார்கள். பல நூறு பக்க அறிக்கையை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து யார் படிப்பார்?

கடந்த காலத்தைத் திருத்துவது என்று கேட்டதும் சிலர் சந்தேகப்படுகிறார்கள், எண்ணை வளைக்கிறார்களோ என்று. எனக்கும் முதலில் அந்த எண்ணம் வந்தது. இப்போது அப்படித் திருத்துவதால்தான் இதை நம்புகிறேன். டீசல் கார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தரநிலை ஒவ்வொன்றாக இறுக இறுக, காகிதத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் விறுவிறுவென்று இறங்க வேண்டும். ஆனால் சாலையோரத்தில் அளக்கும் கருவிகளில் அந்த அளவுக்கு இறக்கம் தெரியவில்லை. டீசல் கார்கள் சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் உண்மைத் தெருவில் பல மடங்கு அதிகமாகவும் புகைவிட்டன, 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம் புகைச் சோதனையில் ஏமாற்றிய விவகாரம் வெடித்தபோது உலகமே இதைப் பேசியது. தெருவில் அளந்த உண்மை அளவுகள் கிடைக்கக் கிடைக்க, ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற காரணி எண்களை மாற்றி, பழைய ஆண்டுகளையும் சேர்த்துத் திரும்பப் போட்டார்கள். பழைய எண்ணை அப்படியே விட்டிருந்தால் நமக்குப் பொய்யான ஒரு வெற்றிக் கோடு கிடைத்திருக்கும். 1970ஐ ஒப்பிட இன்று நைட்ரஜன் ஆக்சைடுகள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருக்கின்றன என்று இந்தத் தளம் சொல்லும்போது, அந்தத் திருத்தங்களையெல்லாம் தாண்டி வந்த எண் அது.

எல்லாக் கோடும் கீழே போகவில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது அம்மோனியா. 1980இலிருந்து பார்த்தால் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது, நடுவில் சில ஆண்டுகள் மேலேயும் போகிறது. ஏறக்குறைய 87 விழுக்காடு விவசாயத்திலிருந்து: மாட்டுச் சாணம், கோழி எரு, யூரியா. வயலில் நடப்பதுதானே என்று விட முடியாது. வசந்த காலத்தில் எரு போடும்போது எழும் அம்மோனியா, ஊருக்குள் வண்டிகள் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு காற்றில் வினைபுரிந்து நுண்துகளாகிறது. நகரத்துக் குழந்தையின் நுரையீரலுக்குள் போகிற துகளில் ஒரு பகுதி கிராமத்து எருவிலிருந்து பிறந்தது. இங்கே இந்தத் தளத்தின் ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும்: பிஎம் 2.5 என்று அது காட்டுவது புகைபோக்கியிலிருந்தோ பிரேக்கிலிருந்தோ நேராகத் துகளாகவே வெளியேறுவதை மட்டும். காற்றில் பின்னால் உருவாகும் துகள் அந்த எண்ணில் இல்லை. இது தெரியாமல் பிஎம் 2.5 கோட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் அம்மோனியாவின் பங்கு உங்கள் கண்ணிலேயே படாது.

பிரேக் என்றதும் இன்னொன்று. சாலைத் துறையைப் பிரித்துப் பாருங்கள், இப்போது புகைக்குழாயிலிருந்து வரும் துகளைவிட பிரேக், டயர், சாலைத் தேய்மானத்திலிருந்து வருவது அதிகம். மின்சாரக் கார் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்த எனக்கு இதைப் பார்த்த பிறகு கொஞ்சம் நிதானம் வந்தது.

வரைபடம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நாடு முழுவதையும் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு மாசுக்கும் நிறம் தீட்டியிருக்கிறார்கள், பார்க்க அருமை. நெடுஞ்சாலைகள் நரம்பு மாதிரி தெரியும், எம்1 சாலை எங்கள் பக்கம் போவது தனியாகத் தெரிகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரிய ஆலைகள், மின் நிலையங்கள் இவற்றின் இடம் துல்லியமாகத் தெரியும், போக்குவரத்துக்கு வண்டி எண்ணிக்கை இருக்கிறது. வீட்டு விறகு மாதிரி சிதறிய விஷயங்களுக்கு நாட்டின் மொத்தத்தை எடுத்துக் கணித மாதிரிகள் வைத்துக் கட்டங்களுக்குப் பங்கிடுகிறார்கள். யார் வீட்டில் புகைபோக்கி என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

கணக்கில் எது இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம், இரவு முழுக்கச் சரக்கு விமானங்கள். அவை தரையில் உருண்டு, ஏறி, இறங்குகையில் ஏறக்குறைய 3,000 அடிக்குக் கீழே விடுவது மட்டும் நாட்டின் மொத்தத்தில் சேரும். அதற்கு மேலே பறக்கும்போது வருவது குறிப்பு வரியாகத் தனியே நிற்கும், கூட்டலில் வராது. பன்னாட்டுக் கப்பலும் அப்படித்தான். அப்புறம் நாம் வாங்கும் சட்டையும் போனும் வேறு நாட்டில் செய்யப்பட்டபோது எழுந்த புகை இங்கே கணக்கில் ஏறாது, அது அந்த நாட்டின் கணக்கு. ஆலைகள் போய்விட்டதால் இறங்கிய கோட்டையும் ஆலைகளைச் சுத்தமாக்கியதால் இறங்கிய கோட்டையும் இந்தத் தளம் தானாகப் பிரித்துச் சொல்லாது, நாம்தான் துறைவாரியாகத் தோண்ட வேண்டும்.

பயன்படுத்த எளிதா என்றால், முதல் வாரம் கஷ்டம். துறைகளுக்கெல்லாம் 1ஏ3பி, 1ஏ4பிஐ என்று குறியீடு. முதலாவது சாலைப் போக்குவரத்து, இரண்டாவது வீட்டு எரிப்பு, இது பழகிவிட்டால் ஐரோப்பாவின் எந்த நாட்டுக் கணக்கையும் திறந்து படிக்கலாம், ஏனென்றால் எல்லாரும் அதே குறியீடுதான். அந்த முதல் வாரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஓராண்டுக்கும் மேல் தாமதமாகத்தான் வரும், 2025 பிப்ரவரியில் வந்த கணக்கு 2023 வரைதான். எரிபொருள் விற்பனை, மாட்டுத் தொகை எல்லாம் முடிவாகிச் சேர அவ்வளவு காலம் ஆகிறது, அதை நான் குறையாக எண்ணவில்லை. நம்பகத்தன்மை எல்லா மாசுக்கும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள்: எரிபொருளில் எவ்வளவு கந்தகம் என்று தெரிந்தால் கந்தக டை ஆக்சைடு கணக்கு கையில் வந்துவிடும், அம்மோனியாவும் விறகுப் புகையின் துகளும் அப்படிப் பிடிபடாதவை.

தூத்துக்குடியில் இருக்கும் என் மைத்துனரிடம் இதைக் காட்டினேன். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர். "மாப்ள, நம்ம ஊருக்கு இது மாதிரி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். இந்தியா அந்த ஜெனீவா ஒப்பந்தத்தில் இல்லை. இத்தாலியில் இஸ்ப்ரா என்ற ஊரிலிருக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் எட்கர் என்ற தரவுத்தளத்தை நடத்துகிறது, அதில் 1970இலிருந்து எல்லா நாடுகளும் இருக்கின்றன, இந்தியாவும் இலங்கையும் உட்பட. அதைத்தான் அவருக்கு அனுப்பினேன். கட்டம் 0.1 பாகை, ஏறக்குறைய 11 கிலோமீட்டர், எங்கிருந்தோ உட்கார்ந்து உலகம் முழுவதற்கும் ஒரே முறையில் போட்ட கணக்கு, அதனால் உள்ளூர் நுணுக்கம் குறைவு. இந்தியாவின் கந்தக டை ஆக்சைடு கோட்டைத் திறந்தவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிரிட்டன் கோட்டைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருந்தது.

யாருக்கு இது உதவும்? உள்ளூர் சபையில் மனு கொடுக்கிறவர்கள், பள்ளி புவியியல் ஆசிரியர்கள், கல்லூரியில் திட்ட அறிக்கை எழுதும் பிள்ளைகள், செய்தி எழுதுகிறவர்கள், அப்புறம் என்னைப் போல வீட்டில் ஒரு இன்ஹேலர் வைத்திருக்கிறவர்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒன்றைக் குறைத்தது அந்த எச்சரிக்கை வரி இல்லாததற்காக, அதோடு பழைய பதிப்பின் கோட்டையும் புதிய பதிப்பின் கோட்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டும் வசதி இல்லாததற்காக. அது வரும்வரை ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் செய்யுங்கள்: கோப்பை இறக்கியதும் பெயரில் பதிப்பு ஆண்டைச் சேர்த்துவிடுவேன், ஒரு பதிப்பின் எண்ணை இன்னொரு பதிப்பின் தாளில் ஒட்டவே மாட்டேன். மகள் இப்போது அந்தப் பட்டியலில் பட்டாசு வரியைக் கண்டுபிடித்து, தீபாவளிக்கு நாம் கொளுத்துவதும் இதில் சேருமா என்று கேட்டிருக்கிறாள். சேரும் என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு என்று கேட்கிறாள், இந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.